பள்ளி விட்டதும் விளையாட்டு, அப்புறம் மார்க்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தில்லியில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பவன் என்று தெரிந்தால் போதும், ஆர்.கே. புரம், மயூர் விஹார் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் யாராவது ஒருவர், பள்ளி விட்டபின் விளையாடினால் மார்க் ஏறுமா என்ற சந்தேகத்தோடு வந்துவிடுகிறார். பெற்றோர் ஒரு மாதிரி கேட்கிறார்கள், பி.டி. ஆசிரியர்கள் ஒரு மாதிரி, எம்.எட். ஆய்வேடு எழுதுபவர்கள் இன்னொரு மாதிரி. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். மேலே எளிய கேள்விகள், கீழே போகப் போகச் சிக்கல்.

விளையாடினா மார்க் ஏறுமா ஏறாதா? சுத்தி வளைக்காம சொல்லுங்க.

கொஞ்சம் ஏறலாம். இறங்கும் என்று பயப்படப் பெரிய ஆதாரம் இல்லை. 2011இல் அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் எடை கூடுதலாக இருந்த 7 முதல் 11 வயதுக் குழந்தைகள் 171 பேரைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்த ஆய்வு வெளிவந்தது. ஒரு குழுவுக்குப் பள்ளி விட்டபின் தினம் 20 நிமிடம் வேர்க்க விறுவிறுக்க ஓட்டமும் ஆட்டமும், இன்னொன்றுக்கு 40 நிமிடம், மூன்றாவதுக்கு ஒன்றும் இல்லை. மூன்று மாதம் போனபின் பார்த்தால் திட்டமிட்டுச் செயல்படும் திறனிலும் கணக்கிலும் முன்னேற்றம் தெரிந்தது, நிமிடம் கூடக் கூட அதுவும் கூடியது. வாசிப்பில் மாற்றம் எதுவும் இல்லை.

2014இல் இல்லினாய்ஸிலிருந்து இன்னொன்று வந்தது. 7 முதல் 9 வயதுக்காரர்கள் 221 பேர், ஒன்பது மாதம், பள்ளி நாள்களில் மாலை இரண்டு மணி நேர நிகழ்ச்சி. அதில் அளந்தது கவனத்தைச் சிதறவிடாமல் வைத்திருப்பதையும் ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதையும். இரண்டிலும் பலன் தெரிந்தது. ஆனால் கவனம் கூடியது என்பது ஒரு கண்டுபிடிப்பு, மார்க் கூடியது என்பது வேறு கண்டுபிடிப்பு. செய்தியில் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

எங்க ஸ்கூல்ல டீம்ல இருக்கற பசங்க எல்லாருமே நல்லா படிக்கறாங்க. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?

டீமில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். மாலையில் சிரி ஃபோர்ட் விளையாட்டு வளாகத்துக்கோ சொசைட்டி கோர்ட்டுக்கோ கொண்டுவிட வீட்டில் ஒருவருக்கு நேரம் இருக்கிறது, ராக்கெட் வாங்கப் பணம் இருக்கிறது, பிள்ளைக்கு அடிக்கடி காய்ச்சல் வருவதில்லை. இதே வீட்டில்தான் படிக்கத் தனி மேசையும் இருக்கும். டீமை எடுத்துவிட்டாலும் அந்தப் பிள்ளை நன்றாகத்தான் படித்திருக்கும்.

காரணம் தலைகீழாகவும் ஓடும். மார்க் குறைந்ததும் நம் வீடுகளில் முதலில் நிறுத்துவது என்ன? விளையாட்டைத்தான். கணக்கில் 45 வாங்கிய பையனை அப்பா டீமிலிருந்து எடுத்து டியூஷனில் போட்டுவிடுகிறார், டீமில் மிஞ்சுவது மார்க் வாங்குகிறவர்கள். வருஷக் கடைசியில் எண்ணிப் பார்க்கும்போது விளையாட்டு மார்க்கைக் கொடுத்ததுபோலத் தெரியும், நடந்தது மார்க் விளையாட அனுமதி கொடுத்தது.

அப்போ வருமானம், அப்பா அம்மா படிப்பு எல்லாத்தையும் ரிக்ரஷன்ல போட்டா சரியாயிடும் இல்லையா?

ஓரளவுக்கு. ரிக்ரஷன் என்பது நாம் அளந்த மற்ற காரணங்களைச் சமமாக வைத்துவிட்டு ஒன்றின் பலனை மட்டும் பார்க்க முயலும் கணக்கு. இருப்பதிலேயே அதிகம் உதவுவது விளையாட்டு தொடங்குவதற்கு முன் வாங்கிய மார்க், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். போன வருஷமும் 60, இந்த வருஷம் சேரும்போதும் 60 என்று இருக்கும் இருவரை ஒப்பிடுவது, 60ஐயும் 85ஐயும் ஒப்பிடுவதைவிட எவ்வளவோ மேல்.

ஆனால் ரிக்ரஷனுக்கு நீங்கள் அளந்தது மட்டும்தான் தெரியும். பிள்ளையின் பிடிவாதம், காலையில் எழுப்பாமலே எழுந்திருக்கும் பழக்கம், பாட்டி வீட்டில் இருக்கிறாரா என்பதெல்லாம் எந்தப் படிவத்திலும் வராது. மார்க்கையும் தொடும், விளையாட்டையும் தொடும் விஷயம் ஒன்று வெளியே நின்றுவிட்டால் விடை சாய்ந்துவிடும், எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்தது என்றும் அதே தரவை வைத்துச் சொல்ல முடியாது. அதனால்தான் முடிந்த இடத்தில் குலுக்கல் போடச் சொல்கிறேன்.

குலுக்கலா? பசங்க எதிர்காலத்தை வச்சு சீட்டு எடுக்கறது நியாயமா சார்?

40 இடம் இருக்கிறது, 90 பேர் கேட்கிறார்கள் என்றால் சீட்டு எடுப்பதைவிட நியாயமான வழி எது? முதலில் வந்தவருக்கு என்றால் வாட்ஸ்அப்பை உடனே பார்க்கும் அம்மாக்களின் பிள்ளைகள்தான் சேரும். விடுபட்டவர்களுக்கு அடுத்த பருவத்தில் இடம் என்று சொல்லிவிட்டால் யாரும் இழப்பதில்லை, நமக்கும் இந்தப் பருவத்துக்கு ஒப்பிட ஒரு குழு கிடைக்கிறது. மேலே சொன்ன 2014 ஆய்வும் இப்படிக் காத்திருப்போர் பட்டியலை வைத்துச் செய்ததுதான்.

குலுக்கல் போட்டபின் அதில் கை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 1930இல் ஸ்காட்லாந்தின் லனார்க்ஷயரில் நடந்த பால் சோதனையைத்தான் எப்போதும் சொல்வேன். 67 பள்ளிகள், 20,000 குழந்தைகள். பாதிப் பேருக்கு நான்கு மாதம் தினமும் பால், மீதிப் பேருக்குக் கிடையாது, முன்னும் பின்னும் உயரமும் எடையும். பிரித்த பட்டியலில் ஒரு பக்கம் நோஞ்சான்களோ புஷ்டியானவர்களோ அதிகம் சேர்ந்துவிட்டதாகத் தோன்றினால் ஆளை மாற்றிக்கொள்ளலாம் என்று ஆசிரியர்களுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். ஏழைப் பிள்ளைக்குப் பால் கிடைக்கட்டும் என்று நல்ல மனசோடு பெயரை மாற்றினார்கள் போல, தொடக்கத்திலேயே பால் கிடைக்காத குழுதான் உயரத்திலும் எடையிலும் முன்னால் நின்றது.

கின்னஸ் மது ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் எழுதிய கோசெட் 1931இல் இதைப் பிரித்து மேய்ந்தார். எடை பார்த்தது உடுப்போடு, முதல் தடவை பிப்ரவரிக் குளிரில், இரண்டாம் தடவை ஜூனில். வசதியுள்ள பிள்ளை குளிருக்குக் கனமாகப் போட்டு வெயிலுக்குக் கழற்றியிருக்கும், ஏழைப் பிள்ளைக்கு இரண்டு காலத்துக்கும் ஒரே உடுப்பு. அப்படியானால் எடை வித்தியாசத்தில் பால் எவ்வளவு, கம்பளி எவ்வளவு? இருபதாயிரம் பேரை விட ஒரே மாதிரி இரட்டையர் 50 ஜோடியை வைத்திருந்தால் இதைவிட நம்பகமான விடை கிடைத்திருக்கும் என்று அவர் எழுதினார். உங்கள் பி.டி. ஆசிரியர் "இந்தப் பையன் பாவம், சேர்த்துக்கலாம்" என்று சொல்லும்போது இது ஞாபகம் வரட்டும். அவனைச் சேர்ப்பதில் தப்பில்லை. குலுக்கலுக்கு முன்னாலேயே தனியாகச் சேர்த்துவிட்டு, கணக்கிலிருந்து அவனை விலக்கிவிடுங்கள்.

பேர் வந்தும் பாதிப் பேர் கிரவுண்டு பக்கமே வரலை. ஒழுங்கா வந்தவங்களை மட்டும் எடுத்துக்கலாமா?

கூடாது. ஒழுங்காக வருகிறவர்கள் எதிலுமே ஒழுங்கானவர்கள், டீம் பசங்களைப் பற்றிச் சொன்ன அதே கதை பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும். பெயர் வந்த எல்லோரையும், வந்தாலும் வராவிட்டாலும், ஒரு பக்கம் வையுங்கள். பெயர் வராத எல்லோரையும் மறுபக்கம்.

வந்தவர்களுக்கு எவ்வளவு பலன் என்றும் தெரிய வேண்டுமென்றால் வழி இருக்கிறது. முழுக் குழுக்களுக்கு இடையே சராசரி வித்தியாசம் 2 மார்க், பெயர் வந்தவர்களில் பாதிப் பேர்தான் வந்தார்கள், பெயர் வராதவர் யாரும் நுழையவில்லை என்று வைத்துக்கொள்வோம். 2ஐ 0.5ஆல் வகுத்தால் 4. வராதவர்களுக்கு வெறும் பெயர் வந்ததால் மட்டும் எதுவும் மாறவில்லை என்ற நிபந்தனையோடு, வந்தவர்களுக்குக் கிடைத்த பலன் சராசரியாக 4 மார்க்.

என் பையனுக்கு ஸ்கூல் விடறதே சாயங்காலம் ஆறு, ஆறரைக்கு. அதுக்கப்புறம் எங்க விளையாடறது?

தில்லிக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது புரியாது. இங்கே பல அரசுப் பள்ளிகளில் ஒரே கட்டடத்தில் இரண்டு ஷிப்ட், பெரும்பாலும் காலையில் பெண்கள், மதியத்துக்கு மேல் பையன்கள். காலை ஷிப்ட் முடியும்போது மே மாத வெயில் மண்டையைப் பிளக்கும், மாலை ஷிப்ட் முடியும்போது டிசம்பரில் இருட்டிவிடும். ஆகவே ‘பள்ளி விட்டபின்’ என்று ஒரே பெயரில் எழுதினாலும் இருவருக்கும் கிடைப்பது ஒரே சிகிச்சை இல்லை. இரண்டு ஷிப்டை ஒப்பிட்டுவிட்டு உடற்பயிற்சியின் பலன் என்று எழுதினால் நீங்கள் அளந்தது பெண்ணுக்கும் பையனுக்கும் உள்ள வித்தியாசத்தை. ஒவ்வொரு ஷிப்டுக்குள்ளும் தனித்தனியாகக் குலுக்கல் போடுங்கள்.

இன்னொன்று, அந்த நேரத்தில் பிள்ளை வேறு என்ன செய்திருக்கும் என்பதையும் கேட்டு எழுதி வையுங்கள். டியூஷனை விட்டுவிட்டு ஓடுகிறவனும் மொபைலை வைத்துவிட்டு ஓடுகிறவனும் ஒன்றல்ல. வெளிநாட்டு ஆய்வு முடிவு இங்கே அப்படியே பொருந்தாமல் போவதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

விளையாட்டை எப்படி அளக்கறது? தினம் ஒரு மணி நேரம் விளையாடறேன்னுதான் எல்லாரும் எழுதறாங்க.

எழுதத்தான் செய்வார்கள். 5 முதல் 17 வயது வரை சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் மிதமானதிலிருந்து கடுமையான உழைப்பு வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், பிள்ளைகளும் அதைப் பாடப் புத்தகத்தில் படித்துவிட்டு 60 என்று நிரப்பிவிடுகிறார்கள். கிரிக்கெட்டில் தேர்ட் மேனில் நின்ற ஒரு மணியும் கபடி ஆடிய ஒரு மணியும் படிவத்தில் ஒன்றே.

அசைவைப் பதிவு செய்யும் இடுப்புப் பட்டைக் கருவி இருந்தால் நல்லது. இல்லையென்றால் வருகைப் பதிவேடு, அதோடு பருவத் தொடக்கத்திலும் முடிவிலும் 600 மீட்டர் ஓட்டம். மத்திய அரசின் கேலோ இந்தியா உடற்தகுதிச் சோதனையில் இது ஏற்கெனவே இருப்பதால் பள்ளிக்குப் புதிதாக ஒன்றும் வேண்டாம். ஓட்ட நேரம் கொஞ்சமும் குறையவில்லை என்றால் உடற்பயிற்சி உண்மையில் நடந்ததா என்றே முதலில் பாருங்கள், மார்க் அப்புறம்.

எந்த மார்க்கை எடுத்துக்கறது, பள்ளித் தேர்வா போர்டா?

போர்டுக்கு முன்னால் அதே மாதிரி ஒரு மார்க் கிடையாது. பள்ளித் தேர்வு அடிக்கடி வரும், ஆனால் வினாத்தாள் பள்ளிக்குப் பள்ளி வேறு. சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பில் 80 எழுத்துத் தேர்வு, 20 அகமதிப்பீடு என்று பிரிந்திருக்கிறது, அந்த 20இல் பெரும்பாலோருக்கு 17க்கு மேல் போட்டுவிடும் பழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே. எல்லோரும் கூரையில் முட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில் யார் உயர்ந்தார் என்று எப்படிப் பார்ப்பது? 80ஐ மட்டும் எடுங்கள். யார் எந்தக் குழு என்று தெரியாத ஆசிரியர் திருத்தினால் இன்னும் நல்லது. பாடவாரியாகத் தனியாக வையுங்கள், 2011 ஆய்வில் கணக்கு ஒன்று சொன்னது, வாசிப்பு வேறொன்று சொன்னது.

கடைசி முப்பது ராங்க் பசங்களை மட்டும் சேர்த்தோம். எல்லாருக்கும் மார்க் ஏறிடுச்சு! இது போதாதா?

போதாது. ஒரு தேர்வில் கடைசியில் நின்றவர்களில் சிலர் நிஜமாகவே பின்தங்கியவர்கள், சிலருக்கு அன்றைக்கு ஜுரம், சிலர் படிக்காத பாடத்திலிருந்து கேள்வி வந்தது. அடுத்த தேர்வில் ஜுரம் போய்விடும், நீங்கள் ஓட வைத்தாலும் சரி உட்கார வைத்தாலும் சரி, குழுவின் சராசரி மேலே வரும். ஆங்கிலேய அறிஞர் கால்டன் 1886இலேயே பெற்றோர், பிள்ளைகள் உயரத்தை வைத்து இதைக் காட்டிவிட்டார். அதே கடைசி அறுபதிலிருந்து குலுக்கலில் முப்பது பேரைச் சேர்த்திருந்தால், சேராத முப்பதும் எவ்வளவு ஏறியது என்று பார்த்துக் கழித்திருக்கலாம்.

நவம்பர்ல புகை வந்தா கிரவுண்டை மூடிடறாங்க. குலுக்கலே வேண்டாம், இதையே இயற்கையா அமைஞ்ச சோதனையா எடுத்துக்கிட்டா என்ன?

இதைக் கேட்ட எம்.எட். மாணவியை மனசாரப் பாராட்டினேன், சரியான திசையில் யோசிக்கிறார். பிள்ளைகளின் விருப்பத்தால் இல்லாமல் வெளியிலிருந்து ஒன்று விளையாட்டை நிறுத்துகிறது, அதுதானே நமக்கு வேண்டும்? ஆனால் அந்த வெளிக் காரணம் விளையாட்டு என்ற ஒரே கதவு வழியாக மட்டும்தான் மார்க்கைத் தொட வேண்டும். புகை அப்படியா? இருமல், தூக்கம் கெடுவது, லீவு, எல்லா வழியாகவும் தொடும். 2023, 2024 நவம்பர்களில் காற்று மோசமாகிப் பள்ளிகளையே மூடினார்கள், வகுப்பு ஆன்லைனுக்குப் போனது. மார்க் குறைந்தால் ஓடாததால் குறைந்ததா, வகுப்பு இல்லாததால் குறைந்ததா?

கொஞ்சம் காப்பாற்ற ஒரு வழி, எப்போதும் விளையாடுகிறவர்களின் மார்க் எவ்வளவு மாறியது, எப்போதுமே விளையாடாதவர்களின் மார்க் எவ்வளவு மாறியது என்று பார்த்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்பது. புகையும் ஆன்லைன் வகுப்பும் இரு பக்கத்துக்கும் பொது. புகை இல்லாத மாதங்களில் இரு குழுவின் மார்க்கும் சேர்ந்தே ஏறி இறங்கியதா என்று பழைய தேர்வுகளை வைத்துக் காட்டினால் நான் பாதி நம்புவேன். மீதிப் பாதி? வெளியே ஓடியவன் கிரவுண்டு மூடும் முன்பே அதிகப் புகையை இழுத்திருப்பான், வீட்டில் காற்றுச் சுத்திகரிப்பான் எந்தக் குழுவில் அதிகம் என்பதும் இருக்கிறது.

எத்தனை பேர் இருந்தா போதும்? எங்ககிட்ட பத்து செக்‌ஷன், 400 பேர் இருக்காங்க.

மார்க்கின் திட்ட விலக்கம், அதாவது சராசரியிலிருந்து மார்க்குகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு, 15 என்று வையுங்கள். 3 மார்க் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க, பலனே இல்லாதபோது இருப்பதாகத் தவறாகச் சொல்லும் வாய்ப்பை வழக்கம்போல் 5 சதவீதத்தில் வைத்து, இருக்கும் பலனைப் பிடிக்க 80 சதவீத வாய்ப்பு வேண்டுமென்றால், ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 400 பேர். பழைய மார்க்குக்கும் புதிய மார்க்குக்கும் ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு சேர்ந்தே போகின்றன என்ற அளவு, முழுசாகச் சேர்ந்தால் 1) 0.7 இருந்து அதைக் கணக்கில் சேர்த்தால் 200 போதும். முன்மார்க்கை விடாதீர்கள் என்று சொன்னதற்கு இது இரண்டாவது காரணம்.

இதெல்லாம் பிள்ளை பிள்ளையாகக் குலுக்கல் போட்டால். செக்‌ஷன் செக்‌ஷனாகப் போட்டால் கதை வேறு. ஒரே டீச்சர், ஒரே பாடவேளை, ஒரு வகுப்பில் 40 பேரும் ஒருவர்போல் ஒருவர் ஆகிவிடுகிறார்கள். அந்த ஒற்றுமை 0.1 மட்டும் என்றாலும் 1 + 39 × 0.1 = 4.9, உங்கள் 400ஐ இதால் வகுத்தால் கையில் இருப்பது சுமார் 82 பேர். தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் (டிடிஇஏ) நடத்தும் ஏழு தமிழ்ப் பள்ளிகளை எடுத்துப் பள்ளிக்குப் பள்ளி குலுக்கல் போடலாம் என்று ஒருவர் சொன்னார். ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் இருக்கலாம், குலுக்கியது ஏழே சீட்டு.

தூக்கத்தையும் ரிக்ரஷன்ல சேருன்னு கைடு சொல்றார். சேர்க்கலாமா?

எப்போது அளந்த தூக்கம் என்று கேளுங்கள். விளையாட்டு தொடங்கும் முன் அளந்தது என்றால் தாராளமாகச் சேர்க்கலாம். விளையாடத் தொடங்கிய பின் அளந்தது என்றால் வேண்டாம். ஓடிக் களைத்த பிள்ளை சீக்கிரம் தூங்குகிறது, நன்றாகத் தூங்கியதால் மறுநாள் பாடம் ஏறுகிறது என்றால் அந்தத் தூக்கம் பலன் வந்த பாதை. அதைச் சமமாக்கிவிட்டால் பலனில் ஒரு பங்கை நீங்களே அழித்துவிட்டு, பலன் குறைவு என்று எழுதுவீர்கள். கைடிடம் மரியாதையாகவே சொல்லுங்கள், இரண்டு மாதிரியும் போட்டுக் காட்டினால் அவரும் ஒத்துக்கொள்வார்.

பி மதிப்பு 0.05க்கு மேல வந்துடுச்சு. பலன் இல்லைன்னு முடிச்சுடலாமா?

கூடாது. பி மதிப்பு என்பது, பலனே இல்லாவிட்டாலும் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு. பலன் 1.5 மார்க், உண்மைப் பலன் இருக்கக்கூடிய இடைவெளி கழித்தல் 1 முதல் கூட்டல் 4 வரை என்று வந்தால், பெரிய கெடுதல் இல்லை, நான்கு மார்க் வரை பலன் இருக்கவும் கூடும் என்று பொருள். அப்படியே எழுதுங்கள். எட்டாம் வகுப்புப் பெண்களுக்குக் கணக்கில் மட்டும் பலன் என்று தேடிப் பிடிக்க வேண்டாம், இருபது பிரிவாக வெட்டினால் ஒன்றாவது தற்செயலாகப் பல் இளிக்கும். எந்தப் பாடம், எந்த வகுப்பு என்று மார்க் வருவதற்கு முன்பே தேதி போட்டு எழுதி வையுங்கள்.

பெரிய ஆய்வுகளுக்கும் இது நடந்திருக்கிறது. கான்சஸில் வகுப்புப் பாடத்தோடு அசைவைக் கலந்த ஒரு திட்டம் 2009இல் மார்க்கிலும் நல்ல பலன் காட்டியது. அதே குழு இன்னும் கவனமாகத் திரும்பச் செய்து 2017இல் வெளியிட்டபோது மார்க்கில் வித்தியாசம் இல்லை. அதையும் வெளியிட்டார்களே, அதைச் சொல்லுங்கள்.

இதெல்லாம் இருக்கட்டும். என் பையன் பத்தாவது. ஃபுட்பாலை நிறுத்தணுமா வேண்டாமா?

நான் சொன்ன ஆய்வுகள் எல்லாம் சின்னப் பிள்ளைகள் மேல், அதுவும் சராசரி. உங்கள் ஒரு பையனுக்கு என்ன ஆகும் என்பதை எந்தச் சராசரியும் சொல்லாது. கனடாவில் கியூபெக் மாநிலத்தின் ட்ருவா ரிவியேரில் 1970களில் பாட நேரத்தைக் குறைத்துத் தினம் ஒரு மணி நேரம் உடற்கல்வி கொடுத்தார்கள், தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. மார்க் குறையவில்லை. அதை வைத்து, நிறுத்தினால் மார்க் தானாக ஏறும் என்று நம்பாதீர்கள் என்றுதான் சொல்ல முடியும். மிச்சமாகும் ஒரு மணியில் அவன் புத்தகத்தை எடுப்பானா, மொபைலை எடுப்பானா என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். பயிற்சி ஒன்றரை மணி, அதற்கு மெட்ரோவில் போய்வர இரண்டு மணி என்றால் மட்டும் யோசிப்பேன், அங்கே நேரத்தைத் தின்பது ஃபுட்பால் இல்லை.

பேர் வராத பசங்களும் இவங்களைப் பார்த்து கீழ பார்க்ல ஓட ஆரம்பிச்சுட்டாங்க. என் ஆய்வு போச்சா?

போகவில்லை, மெலிந்துவிட்டது. ஒப்பிடும் குழுவும் ஓடினால் வித்தியாசம் சுருங்கும், நீங்கள் கணக்கிடும் எண் உண்மைப் பலனைவிடக் குறைவாக வரும். இரு பக்கமும் எத்தனை பேர், வாரத்துக்கு எவ்வளவு ஓடினார்கள் என்று பதிவு இருந்தால், வராதவர்கள் கேள்வியில் செய்த வகுத்தலையே செய்யலாம். ஒரு பக்கம் 70 சதவீதம், மறுபக்கம் 30 சதவீதம் என்றால் 0.4ஆல் வகுக்க வேண்டும். ஆனால் அந்த விடை, பெயர் வந்ததால் மட்டுமே ஓடியவர்களுக்கானது, எப்படியும் ஓடியிருப்பவர்களுக்கு அது பொருந்தாது.

அடுத்த தடவை ஒரே சொசைட்டிக்குள் இரண்டு குழு வைக்காமல் பிளாக் பிளாக்காகப் பிரிக்கலாம். அப்படிச் செய்தால் கலப்பு குறையும், ஆனால் 400 பேர் 82 ஆன அந்தத் தலைவலி திரும்ப வரும். எத்தனை பிளாக் கிடைக்கிறது என்று எண்ணிவிட்டு முடிவெடுங்கள். பத்துக்குக் கீழே என்றால் நான் கலப்பையே பொறுத்துக்கொள்வேன்.